கையைத் தூக்கினால் நிறுத்துவேன்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் காலைப் பேருந்து அடிவாரத்தில் நிற்கும்போது, கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருக்கும் யாரையாவது அடிக்கடி பார்க்கிறேன். நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடைப் பக்கத்து ஆட்கள். பல்வலி தொடங்கிய அன்று அவர்கள் மலை இறங்குவதில்லை. கிராம்பை வைத்துக் கடிப்பார்கள், புகையிலையை அடக்கிப் பார்ப்பார்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், ராத்தூக்கம் கெட்ட பிறகுதான் பஸ் ஏறுவார்கள்.

காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் கூலி போகும். டவுனுக்குப் போய்த் திரும்பப் பகல் முழுதும் ஆகும். இவையெல்லாம் காரணங்கள்தான். ஆனால் உட்கார வைத்துப் பேசினால் கடைசியில் வந்து நிற்பது பயம். எங்கள் தெருவுக்குப் பலாப்பழம் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “மரத்துப்போற ஊசி போட்டுத்தான் புடுங்குனாங்க தம்பி. அப்பவும் உசுரு போற மாதிரி வலிச்சுதுங்க. வலிக்குதுன்னா, ஊசிதான் போட்டாச்சே, எப்படி வலிக்கும்னு கேட்டாங்க.”

அக்கா சொன்னதில் பொய் இல்லை. பல் வைத்தியத்தில் இன்று பெரும்பாலும் போடப்படும் மருந்து லிக்னோகைன். 1943இல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரென் கண்டுபிடித்தது. 1948இல் விற்பனைக்கு வந்தது. நல்ல மருந்துதான். ஆனால் சீழ் பிடித்த இடத்தில் திசுவின் அமிலத்தன்மை கூடிவிடும். அங்கே இந்த மருந்து நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை. வீக்கத்திலேயே ஊசி போட்டால் பாதிதான் மரத்துப்போகும். சீழை முதலில் வெளியேற்றலாம், அல்லது வீக்கத்தைவிட்டுத் தள்ளி, நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில் போடலாம். இரண்டும் செய்யாமல் குறட்டைக் கையில் எடுத்தால் வலிக்கத்தான் செய்யும்.

பயந்து தள்ளிப்போட்டவருக்குச் சீழ் பிடிக்கிறது. சீழ் பிடித்ததால் ஊசி வேலை செய்யவில்லை. வலித்தது என்ற செய்தி அடுத்த பஸ்ஸில் மலையேறிப் போய் ஊர் முழுக்கப் பரவுகிறது. அடுத்த ஆள் இன்னும் தாமதமாக இறங்குகிறார். இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அவர்கள் பயப்படுவது தாங்களோ தங்கள் ஊராரோ உண்மையிலேயே பட்ட வலிக்கு.

இன்னொன்றும் உண்டு. மருந்து ரத்தத்தோடு சீக்கிரம் கலந்து போய்விடாமலிருக்க, லிக்னோகைனோடு பெரும்பாலும் அட்ரினலினைக் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அது உள்ளே போனதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். முன்கூட்டிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் தன் இதயம்தான் நிற்கப் போகிறது என்று நினைப்பார். ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சும் இங்கே இன்னும் ஓயவில்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இதையும் யாராவது பொறுமையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கிறது. தலைசுற்றி, எலுமிச்சையை முகர்ந்துகொண்டு வருகிறவர்கள் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டே வருவார்கள். இன்னும் எத்தனை என்று தெரிந்துவிட்டால் குமட்டலைத் தாங்க முடிகிறது. பல் டாக்டரின் நாற்காலியில் அந்தப் பலகை இல்லை. விளக்கு கண்ணைக் கூசுகிறது, வாய்க்குள் இரண்டு கைகள், பேச முடியாது, அடுத்து என்ன என்று தெரியாது. நடுங்க வைப்பது அந்தத் தெரியாமைதான்.

இதற்கு மருந்து பழையது. 1959இல் அடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் குழந்தைகளுக்காக ஒரு முறையை எழுதி வைத்தார்: முதலில் சொல், பிறகு காட்டு, அதன்பின் செய். இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். கருவியை நகத்தின்மேல் ஒருமுறை ஓடவிட்டுக் காட்டினால், அதன் சத்தம் பாதி பலம் இழந்துவிடும். “தாங்க முடியலைன்னா இடது கையைத் தூக்குங்கம்மா, உடனே நிறுத்திடறேன்” என்று சொல்லிவிட்டு, கை தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்திவிட்டால் பலர் மறுபடி கையைத் தூக்குவதேயில்லை.

ஊசியிலும் அவசரம் கூடாது. ஈறில் மரப்புக் களிம்பு தடவி ஓரிரு நிமிடம் காத்திருந்தால் குத்தும் இடம் அவ்வளவாகத் தெரியாது. மருந்தை நிமிடத்துக்கு ஒரு மில்லி என்ற அளவில் மெல்லச் செலுத்த வேண்டும் என்பது பாடம். வேகமாக அழுத்தினால் மருந்தே திசுவைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் வலிக்கும்.

யார் பயப்படுகிறார் என்று கண்டுபிடிக்கவும் வழியிருக்கிறது. நார்மன் கோரா என்ற உளவியலாளர் 1969இல் நான்கே கேள்விகளில் ஒரு தாள் தயாரித்தார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகள். 1995இல் ஹம்ஃப்ரிஸும் உடன் பணியாற்றியவர்களும் ஊசியைப் பற்றி ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் இதைத் தமிழில் அச்சடித்து வைக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் செவிலியர் வாயால் கேட்டுக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனையில் வரிசை வாசல் வரை நிற்கிறது, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று டாக்டர்கள் கேட்பது நியாயம். வேலைப்பளுவை நானும் பார்க்கிறேன். ஆனாலும் மேலே சொன்னவை அனைத்தும் சேர்ந்து ஓர் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். பயந்து உதறுகிறவரைப் பிடித்துக்கொண்டு பல்லெடுக்க அதைவிட நேரமாகும். வலிக்கவே வலிக்காது என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அழுத்துவது தெரியும், குத்தும் வலி இருக்காது, இருந்தால் சொல்லுங்கள் என்றால் போதும்.

வீட்டில் நாம் செய்யும் காரியம் ஒன்றையும் நிறுத்த வேண்டும். சாப்பிடாத பிள்ளையை “டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுருவேன்” என்று மிரட்டுகிறோம். நாளை அதே பிள்ளைக்குச் சொத்தைப் பல் வலிக்கும்போது, வலிக்கிறது என்று நம்மிடம் சொல்லுமா?

மலைக்காரர்களிடமும் எங்கள் அடிவாரத்துக்காரர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பல்லில் கறுப்பாகப் புள்ளி தெரியும்போதே, தண்ணீர் குடித்தால் கூசும்போதே இறங்கி வாருங்கள். அப்போது ஊசி நன்றாகப் பிடிக்கும். சீட்டு வாங்கும்போதே “எனக்குப் பயமா இருக்குங்க” என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாற்காலியில் சாய்வதற்கு முன் “எந்தக் கையைத் தூக்கட்டும்?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.