புக்கிட் கியாரா: 100 குடும்பங்களின் வீடு யார் கணக்கில்?

கோலாலம்பூர் டத்தோ பண்டாரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது தலைதூக்குவதும் பிறகு அடங்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. எந்த இனத்துக்குச் சாதகம், எந்தக் கட்சிக்குப் பாதகம் என்ற வாதத்திலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. மாநகர் மன்ற நிர்வாகத்தில் தோட்டப்புறத் தமிழருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் புக்கிட் கியாரா நீண்ட வீடுகளின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

இன்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வசதி படைத்தோர் வாழும் பகுதி. அதை ஒட்டிய புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கு வேலை செய்தவர்கள் நகரத்தைத் தேடிப் போகவில்லை, நகரம்தான் அவர்களைத் தேடி வந்தது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, சுமார் 100 குடும்பங்கள் 1982-இல் நீண்ட வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிக ஏற்பாடு என்பதே பேச்சு. அந்தத் தற்காலிகம் 40 ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, மணமாகி, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள்.

2017-இல் ஒரு வழி பிறந்தது போலத் தெரிந்தது. நீண்ட வீடுகளை ஒட்டியுள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியையும் சேர்த்து, சுமார் 12 ஏக்கரில் வீடமைப்புத் திட்டம் ஒன்றுக்கு மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி வழங்கியது. நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கும் இடம் தரும் 350 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் அதில் உண்டு. ஆனால் அதனுடன் 42 முதல் 54 மாடி வரையிலான எட்டுக் கோபுரங்களும் எழும். அவற்றில் 1,766 சேவை அடுக்குமாடி வீடுகள்.

இங்கேதான் நிதி நிர்வாகம் பற்றிய கேள்வி எழுகிறது. மாநகர் மன்றத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 200 கோடி வெள்ளியைத் தாண்டுவது. 100 குடும்பங்களுக்கு வீடு கட்டும் செலவு அந்தக் கணக்கில் நேரடியாக ஏறியிருந்தால், பூங்கா நிலத்துக்கு வேலையே இருந்திருக்காது. அந்தப் பொறுப்பு தனியார் மேம்பாட்டாளரின் தலையில் வைக்கப்பட்டது. எந்த மேம்பாட்டாளரும் தர்மத்துக்குக் கட்டித் தரமாட்டார். அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் எட்டுக் கோபுரங்களுக்கான அனுமதி. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் ஏழ்மை ஒரு பெரிய வியாபாரத்துக்கு முகவரியாகிப் போனது என்று சொன்னால் அது மிகையாகாது.

சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிசெய்தது. நீதிபதி நளினி பத்மநாதன் வாசித்த அந்த ஒருமனதான தீர்ப்பு, நாட்டின் நகரத் திட்டமிடலுக்கே ஒரு பாடம். கட்டமைப்புத் திட்டத்தில் பொதுத் திறந்தவெளி என்று குறிக்கப்பட்ட நிலத்தில் அதற்கு மாறாக அனுமதி கொடுத்தால், டத்தோ பண்டார் காரணம் சொல்லியாக வேண்டும். நலன் முரண்பாடும் சுட்டிக்காட்டப்பட்டது. காரணம், நிலத்தைப் பெற்று மேம்பாட்டாளருடன் கூட்டுச் சேர்ந்த கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் அறங்காவலர்களில் டத்தோ பண்டாரும் ஒருவர். விண்ணப்பத்தின் பின்னால் இருப்பவரும் அனுமதி தருபவரும் ஒருவராகவே இருந்தால், மற்றவர் பேச்சு எடுபடுமா?

தீர்ப்பைப் படிப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. அப்போதைய திட்டமிடல் விதிப்படி, இத்தகைய திட்டத்துக்கு ஆட்சேபம் கேட்டு அறிக்கை அனுப்ப வேண்டியது அண்டை நிலங்களின் பதிவு பெற்ற உரிமையாளர்களுக்கு. அண்டையில் கொண்டோமினியம் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை இருந்தது. 1982 முதல் அங்கேயே வாழும் குடும்பத்தின் கையில் நிலப்பட்டா இல்லை. திட்டத்தால் வாழ்க்கை மாறப்போகும் முதல் ஆள், காகிதத்தில் ஆளே இல்லை. தீர்ப்பு அனுமதியை ரத்து செய்தது. வீடு கட்டிக் கொடுக்கும்படி யாரையும் பணிக்கவில்லை, அந்த வழக்கில் அது கேட்கப்படவும் இல்லை.

சரி, அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? மாநிலங்களில் நகராண்மைக் கழக உறுப்பினர்களாவது இருக்கிறார்கள். மாநில அரசு நியமிப்பவர்கள்தாம் என்றாலும், ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண் உண்டு. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மன்றத்தின் முழுக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கவும் முடியும். (நியமனப் பட்டியல் வந்தால் இந்தியர் எத்தனை பேர் என்று எண்ணுகிற அக்கறை, அந்தக் கூட்டங்களில் என்ன பேசப்படுகிறது என்பதில் காணோம்.) கோலாலம்பூரில் உறுப்பினர்கள் என்ற பேச்சே இல்லை, நியமிக்கப்பட்ட ஆலோசனை வாரியம் மட்டுமே. சட்டமன்றமும் கிடையாது. தலைநகர வாக்காளருக்குக் கிடைப்பது நாடாளுமன்றத்துக்கான ஒரே ஒரு வாக்குச்சீட்டு. அவர் தேர்ந்தெடுக்கும் 11 பேரும் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், மாநகர் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்க முடியாது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1952-இல் கோலாலம்பூரில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957-இல் ஜோர்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயராக வந்தவர் டி.எஸ். இராமநாதன். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதே 1968-இல் அந்த ஆணையத்தின் பரிந்துரை. அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்தது.

தேர்தல் வந்தால் மட்டும் புக்கிட் கியாரா குடும்பங்களுக்கு வீடு வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. 100 குடும்பங்களின் வாக்கு பெரிய வாக்கு வங்கி அல்ல, பக்கத்துத் தாமானின் வாக்குகள் பல மடங்கு அதிகம். ஆனால் 'அவர்கள் வீட்டுக்கு இந்த ஆண்டுக் கணக்கில் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?' என்று மன்றத்துக்குள் எழுந்து கேட்கவும், பதில் குறிப்பேட்டில் பதிவாகவும் ஓர் ஆள் இருந்திருப்பார். 1982 முதல் அந்தக் கேள்வி அமைச்சர்களிடம் மனுவாகத்தான் போயிருக்கிறது. அமைச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.