கூடாரத்தில் இரு இரவுகள்

கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கும்போது, விடுமுறை பற்றி மாணவரைக் கட்டுரை எழுதச் செய்வது எமது வழக்கம். முன்னர் தாயகப் பயணமும் கோயில் திருவிழாவும் உறவினர் திருமணமும் அக்கட்டுரைகளை நிறைத்தன. அண்மைக் காலமாகக் ‘கிளாம்பிங்’ என்ற சொல்லும் அவற்றில் இடம்பெறக் காண்கின்றோம். கிளாமர், காம்பிங் என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை இது. கட்டில், மெத்தை, விறகடுப்பு முதலிய வசதிகளுடன் பிறர் அமைத்து வைத்திருக்கும் கூடாரத்தில் வாடகை செலுத்தித் தங்குவதே இதன் பொருள்.

“வீடிருக்கக் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுப்பதா?” என்று எம்மவரிற் பலர் வினவுகின்றனர். நாமும் அவ்வாறு வினவியவரே. எனினும் எம் பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கிச் சென்ற ஆவணியில் வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் மலைப்பகுதியில் இரு இரவுகள் தங்கினோம். அவ்வனுபவத்தின் பின் எமது கருத்து மாறியது.

கூடார வாழ்வுக்கு இரு மரபுகள் உண்டு. 1520 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் பிரான்சின் முதலாம் பிரான்சிசும் கலே நகருக்கு அண்மையில் சந்தித்தபோது, பொன்னிழை நெய்த கூடாரங்களை அமைத்துத் தத்தம் செல்வத்தைக் காட்டினர். 1907 ஆம் ஆண்டு பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவரைப் பிரவுன்சித் தீவுக்கு அழைத்துச் சென்று, தம் வேலையைத் தாமே செய்யப் பழக்கினார். முன்னையது ஆடம்பரம், பின்னையது பயிற்சி. இன்றைய சொகுசுக் கூடாரம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. அது எப்பக்கம் சாய்வது என்பது பெற்றோரின் கையில் உள்ளது.

நாம் தங்கியது மொங்கோலியரின் மரபைப் பின்பற்றி அமைத்த வட்டக் கூடாரம். பிள்ளைகள் தண்ணீர் சுமந்தனர், சுள்ளி பொறுக்கினர், கோப்பை கழுவினர். கைத்தொலைபேசிகளைப் பையில் வைத்துவிட்டோம். அப்பகுதி 2013 ஆம் ஆண்டிலிருந்து இருள்வானக் காப்பகமாகப் பேணப்படுகின்றது. முகில் விலகிய வேளையில் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினோம். அதன் வாலின் நடுவில் உள்ள விண்மீன் வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. மணநாளிற் பகல் வேளையில் ஐயர் காட்டிய திசையைப் பார்த்துத் தலையசைத்த நாமும், அன்றுதான் அருந்ததியை உண்மையாகக் கண்டோம்! அவ்விரவில் எம் பிள்ளைகள் தாமாகவே பேசிய தமிழ், வீட்டில் ஒரு கிழமைக்குப் பேசுவதிலும் அதிகம்.

அவ்வேளையிலேதான் ஏழு வயது மகன், “அப்பா, முன்னரும் கூடாரத்தில் இருந்தீர்களா?” என்று கேட்டான். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தோம். ஐவருக்கான கூடாரத்தில் பதினொருவர். அவ்வாண்டு ஆவணி மழையில் வெள்ளம் உட்புக, பாயைச் சுருட்டித் தலையில் வைத்து விடியும்வரை நின்றோம். இதனைச் சுருக்கமாகச் சொன்னோம். அவன் சற்று எண்ணிவிட்டு, “அந்தக் கூடாரத்தின் திறப்பு யாரிடம் இருந்தது?” என்றான். “கூடாரத்துக்குக் கதவே இல்லை மகன், சுற்றிவர முள்வேலி இருந்தது” என்றோம். துணைவியார் அடுப்புக்கு விறகிடுபவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளையின் மகிழ்ச்சி இதனால் கெடுமென்று அஞ்சினோம். அது கெடவில்லை. மேலும் இரண்டு வினாக்கள் கேட்டான், பின் உறங்கிவிட்டான். பத்து ஆண்டு மொழிப்பாடம் கற்பித்தும் எம்மால் உணர்த்த முடியாதிருந்த ஒன்றை அக்கூடாரம் உணர்த்திற்று. விரும்பிப் புகுந்து விரும்பியபோது வெளியேறும் கூடாரமும், வெளியேற முடியாத கூடாரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறிந்த பிள்ளை, இன்று உலகெங்கும் கூடாரங்களில் அல்லலுறும் மக்களை அந்நியராக எண்ணாது.

ஆதலாற் பெற்றோரே, வசதியுள்ளோர் சென்று வாருங்கள். ஆவணியிலும் மலைப்பகுதி இரவு குளிரும். கம்பளி உடை எடுத்துச் செல்லுங்கள். இறைச்சி வாட்டும் கரியடுப்பை, அணைந்த பின்னரும் கூடாரத்தினுள் வைக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் காபனோரொட்சைட்டு மணமற்றது, உயிர் கொல்வது. வேலையைப் பிள்ளைகளுடன் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் கேட்டால், வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். நாம் பட்டதை மறைப்பதால் அவர்களுக்கு நன்மை விளையாது. நாம் சொல்லாவிடில், பிறர் சொல்லியே அவர்கள் அறிவர்.