படியேறவே மூச்சு வாங்கும் ராக்கி... மறுபடியும் ஜெயித்தது எப்படி?

72 படிகள். அமெரிக்காவின் பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தின் முன்னால் இருப்பவை. 1976-ல் வெளியான 'ராக்கி' படத்தில், வியர்த்து வழியும் ஓர் இளைஞன் அந்தப் படிகளில் ஓடி ஏறி, உச்சியில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்துவான். படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் காட்சி தெரிந்திருக்கும்.

39 ஆண்டுகள் கழித்து, 2015-ல் வெளியான 'க்ரீட்' படத்தின் கடைசிக் காட்சி. அதே படிகள், அதே ராக்கி. ஆனால், இந்த முறை ஓட்டமில்லை. பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் ஓர் இளைஞன் துணைக்கு வர, ஒவ்வொரு படியாக ஏறுகிறார். தியேட்டரில் பலருக்குக் கண் கலங்கியது இந்தக் காட்சிக்குத்தான்!

வயதான ஆக்‌ஷன் ஹீரோக்கள் பழைய ஹிட் கேரக்டருக்குத் திரும்புவது ஹாலிவுட்டில் புதிதல்ல. பெரும்பாலும் டையையும் டூப்பையும் கிராஃபிக்ஸையும் நம்பி வருவார்கள். சில்வஸ்டர் ஸ்டாலோன் நம்பியது வேறொன்றை... தன் வயதை!

கையில் இருந்தது 106 டாலர்

பிறக்கும்போது ஆயுதம் போட்டு எடுத்ததில் ஸ்டாலோனின் முக நரம்பு பாதிக்கப்பட்டது. உதடு ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும். ஹீரோ வாய்ப்புகள் கதவைத் தட்டவில்லை. 1975 மார்ச்சில் முகமது அலியுடன் மோதிய சக் வெப்னர் என்ற வீரர், யாரும் எதிர்பாராத வகையில் 15-வது ரவுண்டு வரை தாக்குப்பிடித்தார். அதைப் பார்த்த வேகத்தில் மூன்றரை நாளில் எழுதியதுதான் 'ராக்கி' கதை என்பார் ஸ்டாலோன்.

தயாரிப்பாளர்களுக்குக் கதை பிடித்திருந்தது. ஆனால், ஹீரோவாக வேறொரு பெரிய நடிகரை யோசித்தார்கள். அப்போது தன் பேங்க் கணக்கில் இருந்தது வெறும் 106 டாலர்தான் என்று ஸ்டாலோன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும், 'நான் நடித்தால்தான் கதையைத் தருவேன்' என்று பிடிவாதமாக நின்றார். சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த படம், இயக்குநர், எடிட்டிங் என 3 ஆஸ்கர்களையும் வாங்கியது.

இதில் பலர் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. அந்தப் படத்தின் க்ளைமாக்ஸில் ராக்கி ஜெயிக்கவில்லை. நடுவர்களின் தீர்ப்பில் நூலிழையில் தோற்றுப்போகிறான். கடைசி மணி அடிக்கும்வரை கீழே விழாமல் நின்றதுதான் அவனுடைய வெற்றி.

60 வயதில் மீண்டும் கிளவுஸ்

அடுத்தடுத்த பாகங்களில் ராக்கி ஜெயித்துக்கொண்டே போனான். 1990-ல் வந்த 5-ம் பாகம் ரசிகர்களைக் கவரவில்லை. ஸ்டாலோனுக்கே அதில் திருப்தியில்லை. ராக்கியின் கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

16 ஆண்டுகள் கழித்து, 2006-ல் 'ராக்கி பல்போவா' வந்தது. எழுதி, இயக்கி, நடித்தவர் ஸ்டாலோன். படம் வெளியானபோது அவருக்கு வயது 60. 'இந்த வயதில் பாக்ஸிங்கா?' என்று கிண்டல் செய்யக் காத்திருந்தவர்களை முந்திக்கொண்டு, படமே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது.

அதில் ராக்கியின் மனைவி ஏட்ரியன் உயிரோடு இல்லை. அவர் பெயரில் ஒரு ரெஸ்டாரன்ட் நடத்துகிறார் ராக்கி. மனைவியின் கல்லறைக்குப் போனால் உட்கார்ந்து பேச, அங்கிருக்கும் மரத்திலேயே ஒரு மடக்கு நாற்காலியைச் செருகி வைத்திருக்கிறார். பயிற்சி தொடங்கும்போது கோச் எதையும் மறைக்காமல் பேசுகிறார். கழுத்தில் வாதம், மூட்டுகளில் கால்சியம், வேகமெல்லாம் இனி வராது. மிச்சமிருப்பது அடியின் கனம் மட்டும்தான், அதை வளர்ப்போம் என்கிறார்.

க்ளைமாக்ஸில் இந்த முறையும் ராக்கி நூலிழையில் தோற்கிறார். தீர்ப்பைக்கூட முழுதாகக் கேட்காமல், ரசிகர்களுக்குக் கையசைத்தபடி ரிங்கைவிட்டு நடக்கிறார்.

மறுத்தவர் மனம் மாறினார்

அழகான முடிவு. அதைக் கெடுக்க ஸ்டாலோனுக்கு விருப்பமில்லை. அதனால்தான் ரயன் கூக்ளர் என்ற இளம் இயக்குநர் புதுக்கதையோடு வந்தபோது முதலில் தயங்கினார்.

கூக்ளரின் அப்பா தீவிர ராக்கி ரசிகர். மகனோடு உட்கார்ந்து 'ராக்கி 2' பார்ப்பவர். அவரை நரம்பு-தசை நோய் தாக்கியது. வீட்டில் பலசாலியாகப் பார்த்த அப்பா தளர்ந்துபோவதைக் கண்ட மகனுக்குள் ஒரு கேள்வி... 'அப்பாவின் ஹீரோவுக்கு இப்படி ஆனால்?' அங்கிருந்துதான் 'க்ரீட்' பிறந்தது.

இதில் ராக்கி ரிங்கில் சண்டையே போடவில்லை. தன் முதல் எதிரியும் பிறகு உயிர் நண்பனுமான அப்போலோவின் மகனுக்குக் கோச் ஆகிறார். அவருக்குப் புற்றுநோய் வருகிறது. மனைவியைக் காப்பாற்றாத சிகிச்சை தனக்கும் வேண்டாம் என்கிறார். அந்த இளைஞன்தான் அவரைப் போராடச் சம்மதிக்க வைக்கிறான்.

நிஜத்திலும் ஸ்டாலோனின் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. 5-ம் பாகத்தில் ராக்கியின் மகனாக நடித்த அவருடைய மூத்த மகன் சேஜ், 2012-ல் 36 வயதில் இறந்திருந்தார்.

'க்ரீட்' படத்துக்காக கோல்டன் குளோப் ஸ்டாலோனின் கைக்கு வந்தது. 1977-க்குப் பிறகு, அதே கேரக்டருக்காக மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை. ஆனால், விருது மார்க் ரைலன்ஸுக்குப் போனது. ராக்கிக்கு நூலிழைத் தோல்விகள் புதிதா என்ன?

யாருடைய ராக்கி?

2018-ல் 'க்ரீட் 2'-வோடு ராக்கிக்கு விடைகொடுத்தார் ஸ்டாலோன். 2023-ல் வந்த 'க்ரீட் 3'-ல் அவர் நடிக்கவில்லை. ராக்கி கேரக்டரின் உரிமை தயாரிப்புத் தரப்பிடம் இருக்கிறது. தான் உருவாக்கிய மனிதன் தனக்குச் சொந்தமில்லையே என்ற வருத்தத்தை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

பத்திரத்தில் ராக்கி யாருடையவனாகவும் இருக்கலாம். ஆனால் 30 வயதில் ஓடிய படிகளில், மூச்சு வாங்க நின்று நின்று ஏறவும் ஒரு ஹீரோவுக்குத் துணிச்சல் வேண்டும். நம் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறும் அப்பாவைப் பார்க்கும்போது, அந்த ராக்கி யாருக்கும் நினைவுக்கு வருவார்.

அடுத்த முறை அப்பா பாதிப் படியில் நின்றால், அவசரப்படுத்த வேண்டாம். பக்கத்தில் நின்றாலே போதும்!