சொடுக்குவதே பாதுகாப்பா?

மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது ஒரே வன்பொருளைப் பகிர்ந்து இயங்கும் மென்பொருள்வழிக் கணினிகளை, பைதான் நிரலால் நிர்வகித்தால் ஒரு வரிப் பிழை நூறு இயந்திரங்களை அழித்துவிடும் என்றும், திரையைப் பார்த்துச் சொடுக்குவதே பாதுகாப்பு என்றும் வாதிடப்படுகிறது. இவ்வாதம் நிற்காது என்பதற்குக் காரணங்கள் நான்கு.

ஒன்று: பிராக்ஸ்மாக்ஸ் என்னும் திறமூல மெய்நிகராக்கத் தளத்தின் வலைத்திரையும், 8006ஆம் போர்ட்டில் உள்ள அதே ஏபிஐயிடம், அதாவது நிரல்கள் கட்டளையிடும் இடைமுகத்திடம்தான் கோரிக்கை அனுப்புகிறது. பாதை ஒன்றே என்றால் ஆபத்து மட்டும் எப்படி இரண்டாகும்?

இரண்டு: நிரல்கள் தவறுவது உண்மை, காரணம் வேறு. இயந்திரத்தை நகலெடுக்கச் சொன்னதும் வரும் 200 என்ற வெற்றிக் குறி, பணி ஏற்கப்பட்டதற்கே சான்று. பணி முடிந்ததற்கு அன்று. உடன்வரும் பணி அடையாளத்தைக் கொண்டு நிலையை மீண்டும் மீண்டும் வினவி, பணி நின்றதையும் அதன் முடிவு 'ஓகே' என்றிருப்பதையும் உறுதிசெய்யாமல் அடுத்த கட்டளைக்குத் தாவுவது எழுதியவரின் பிழை. ஏற்புச் சீட்டைப் பொருள் என்று எண்ணியவரின் குற்றத்தை மொழியின் மீது சுமத்துவது எவ்வகை நியாயம்?

மூன்று: நூறு இயந்திரங்களை அழிக்கும் உரிமையை அந்நிரலுக்கு வழங்கியது யார்? பயனரின் முழு அதிகாரத்திலிருந்து பிரித்து, குறிப்பிட்ட இயந்திரங்களுக்கு மட்டும் உரிமை தரும் ஏபிஐ டோக்கன், பிராக்ஸ்மாக்ஸில் 2020இல் வந்த 6.2ஆம் பதிப்பிலிருந்தே உள்ளது. நிர்வாகியின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிவைத்துவிட்டு நிரலைப் பழிப்பது தகாது.

நான்கு: நிரலை இயக்குமுன் மற்றொருவர் படித்துத் திருத்தலாம், சொடுக்கை அவ்வாறு திருத்த இயலாது.