நிரம்பியே திரும்பி வந்த வாட்டர் பாட்டில்



என் தோழியின் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். காலையில் அவள் நிரப்பிக் கொடுக்கும் வாட்டர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை... மூன்று வாரம்! “தண்ணிகூடக் குடிக்காம அப்படி என்னடா வெட்டி முறிக்கிறே?” என்று தினமும் திட்டு விழும். அவனோ ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவான்.

அந்த ஓட்டத்துக்கு என்ன காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ராத்திரி, லைட்டை அணைத்த பிறகு அவனே சொன்னான். லஞ்ச் பிரேக்கில் நாலு பையன்கள் டாய்லெட் வாசலில் காத்திருப்பார்களாம். இவன் உள்ளே போனதும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழும். பெல் அடித்த பிறகுதான் திறப்பார்கள். லேட்டாக வகுப்புக்குப் போனால் டீச்சர் திட்டுவார், வகுப்பே சிரிக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதற்குக் கண்டுபிடித்த வழி, நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

பக்கத்தில் படுத்திருந்த அப்பா கேட்டார்: “அவங்களை நீ என்னடா பண்ணினே? திருப்பி நாலு வைக்க வேண்டியதுதானே?”

பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவர் மகன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா. பதற்றத்தில் நம் வாயிலும் முதலில் வருவது இதே வார்த்தைகள்தான், இல்லையா? ஆனால், ‘நீ என்ன பண்ணினே’ என்பது பிள்ளையின் காதில் ‘தப்பு உன் மேல்தான்’ என்றே விழுகிறது. ‘திருப்பி அடி’ என்பது ‘உனக்குத் துப்பில்லை’ என்று விழுகிறது. இதைத்தானே அந்த நாலு பேரும் தினமும் அவனிடம் சொல்கிறார்கள்? வீட்டிலும் அதையே கேட்டால் அடுத்த முறை நம்மிடம் எப்படி வாயைத் திறப்பான்?

‘எங்க காலத்துல இல்லாத கிண்டலா?’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கலாய்ப்பதும் ஓட்டுவதும் இல்லாத பள்ளிக்கூடம் ஏது? நார்வேயில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் 1970-களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்க்க முடியாத அளவுக்கு பலத்தில் ஏற்றத்தாழ்வு - இந்த மூன்றையும் வைத்துத்தான் எது புல்லியிங் என்று அவர் பிரித்துக் காட்டினார். நம் வீட்டு பாஷையில் சொன்னால், கிண்டல் என்றால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். இங்கே ஒருத்தன் மட்டும் சிரிப்பதில்லை.

ஓல்வியஸ் இன்னொரு விஷயத்தையும் வலியுறுத்தினார். அடிப்பவன், அடிபடுபவன் என்று இரண்டு பேரோடு இது முடிவதில்லை. சுற்றி நின்று பார்ப்பவர்களும் இதில் பங்குதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் “உள்ளேன் டீச்சர்” சொல்வதற்குள் பின் பெஞ்சிலிருந்து அந்தப் பெயர் வரும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால், சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் அடுத்த பட்டப்பெயர் எனக்கு என்ற பயம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் வரவே இல்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காலி இடம் கண்ணில் நிற்கிறது.

பள்ளிக்கு வராமல் போவது ஒரு பிள்ளை கொடுக்கும் பெரிய சமிக்ஞை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கிறதா? சாதியைச் சொல்லிச் சக மாணவர்கள் கொடுத்த தொல்லையால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார் ஒரு பிளஸ் டூ மாணவர். நடந்ததைப் பள்ளியில் சொன்னதற்காக, வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் அந்த மாணவர் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். ஊரே கொண்டாடியது, நானும் கண்கலங்கினேன். ஆனால், ஒரு பிள்ளை மீண்டு எழுவதற்கு இவ்வளவு ரத்தமா சிந்த வேண்டும்?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் கலர் கயிற்றுக்குத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றைப் பள்ளி வாசலில் அவிழ்த்துவிடலாம். ஆனால், எந்த நிறம் எந்த சாதி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ‘குண்டு’, ‘கறுப்பி’ என்று முதலில் கூப்பிட்டதும் நாம்தானே, செல்லமாகத்தான் என்றாலும்?

தோழி கதைக்கு வருகிறேன். மறுநாள் அவள் மகனிடம், “நீ சொன்னது நல்லதாப் போச்சு கண்ணா. உன் மேல ஒரு தப்பும் இல்லை. உன்னைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்” என்றாள். அம்மா பள்ளி வாசலில் வந்து சத்தம் போட்டால், மறுநாள் இரண்டு மடங்காகக் கிடைக்குமே என்பதுதான் அவனுடைய பெரிய பயமாக இருந்தது. என்றைக்கு, எந்த பீரியடில், யார் யார் என்று இருவருமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார்கள். அவன் சம்மதித்த பிறகு, வகுப்பாசிரியையிடம் தனியாகப் பேசினாள். அவர் டாய்லெட் பக்கம் லஞ்ச் டியூட்டி போட்டார். அந்த நாலு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதில் ஒருவன் அழுதானாம், அவன் வீட்டில் தினமும் பெல்ட் அடி.

பள்ளி காது கொடுக்காவிட்டால், கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டும் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியும் உண்டு. பிள்ளைக்கும் இதையெல்லாம் சொல்லி வையுங்கள்.

பையனிடம் நான் கேட்டேன், “எது உனக்கு தைரியம் கொடுத்துச்சு?” டியூட்டி, மிஸ் எதையும் அவன் சொல்லவில்லை. “ரெண்டாவது பெஞ்ச் பையன் ஒருத்தன், ‘வாடா, நானும் வர்றேன்’னு கூட வந்தான் ஆன்ட்டி” என்றான்.

அந்த ரெண்டாவது பெஞ்ச் பையன் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இன்றைக்கு ராத்திரி “எத்தனை மார்க்?” என்பதை விட்டுவிட்டு, “உன் கிளாஸ்ல தனியா உக்காந்து சாப்பிடறது யாரு?” என்று கேட்டுப் பாருங்களேன். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்