போடி மலையடிவாரத்தில் 'வீக் எண்ட்' வீடு: ஊருக்கு லாபமா, பாரமா?

சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் போடிநாயக்கனூர். அகல ரயில் பாதைப் பணி முடிந்து 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. 2024 ஜனவரியில் மூணாறு - போடிமெட்டு நெடுஞ்சாலை விரிவாக்கமும் திறக்கப்பட்டது. ஊர் பக்கமாக வந்துவிட்டதால், 'மலையைப் பார்த்த மாதிரி ஒரு வீடு இருந்தா எப்படி இருக்கும்?' என்ற ஆசையும் நகரவாசிகளுக்கு வருகிறது. ஆனால், வருஷத்தில் சில வாரம் மட்டுமே திறக்கும் வீட்டால் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊருக்கு என்ன நன்மை?

- வேலை: கொத்தனார், எலெக்ட்ரீஷியன், தோட்டக்காரர், காவலாளி என உள்ளூரிலேயே வருமானம். ஏலத்தோட்ட வேலைக்காகத் தினமும் ஜீப்பில் மலையேறும் குடும்பங்களுக்கு இது மாற்று வழி.
- நிலத்துக்கு விலை: ஏலக்காய் விலை நிலையானது இல்லை. 2019இல் கிலோ 5,000 ரூபாயைத் தாண்டியது, 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கடனில் இருக்கும் சிறு விவசாயிக்கு, கொஞ்சம் நிலத்தை விற்பது கைகொடுக்கும்.

பாதிப்பு எங்கே?

- ஏக்கர் போய் சென்ட் வரும்: வெளியூர்க்காரர்கள் வாங்கத் தொடங்கினால், நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்படும். விவசாயம் செய்து அந்த விலையை எடுக்க முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரோ, புதுசா கல்யாணமான உள்ளூர்ப் பையனோ அங்கே இடம் வாங்க முடியாமல் போகும்.
- தண்ணீர்: வீட்டுக்காரர்கள் வருவது பெரும்பாலும் கோடை விடுமுறையில். ஊரில் தண்ணீர் குறைவாக இருப்பதும் அப்போதுதான்.
- மலைச்சரிவு: ஏலக்காய் நிழலில் வளரும் பயிர். தோட்டம் மனையானால் நிழல் மரங்களும் போகும். சரிவை வெட்டிக் கட்டினால் மண்சரிவு ஆபத்து கூடும்.
- பூட்டிய வீடு: ஆள் இல்லாத வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளை வராது, மளிகைக் கடைக்கு வியாபாரம் வராது. ஆனால் சாலை, தெருவிளக்கு, குப்பை அள்ளும் செலவு ஊராட்சிக்குக் குறையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் ('ஹாக்கா') பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டடம் கட்ட கூடுதல் அனுமதி வேண்டும். வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தும் கேட்கப்படும்.

கேரளப் பக்கம், இடுக்கியின் ஏலமலைக் காடுகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதன்படி அங்கே புதிய பட்டா தரக் கூடாது, நிலத்தை வணிகத்துக்கு மாற்றவும் கூடாது.

வருமான வரியோ இரண்டாவது வீட்டுக்குச் சாதகம்தான். சொந்த உபயோகத்துக்கான 2 வீடுகள் வரை கற்பனை வாடகைக்கு வரி இல்லை என்ற சலுகை 2019 பட்ஜெட்டில் வந்தது.

மற்ற இடங்களில் எப்படி?

- இமாச்சல்: விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்க முடியாது.
- சுவிட்சர்லாந்து: ஓர் ஊரில் இரண்டாவது வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டினால் புதிதாகக் கட்டத் தடை. 2012இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது இது.
- வேல்ஸ்: 2023 ஏப்ரல் முதல், இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சிகள் 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடலாம்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

கிராமம் ஹாக்கா பட்டியலில் உள்ளதா, மனைக்கு அங்கீகாரம் உண்டா, பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியா, பாதை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த நிலம் மனையாகலாம், தண்ணீருக்கு யார் பொறுப்பு என்பதை கிராம சபையில் பேசித் தீர்மானம் போடலாம். விலை விழுந்த ஏலக்காய் அடுத்த வருஷம் ஏறலாம். ஆனால் மனையாகிப்போன தோட்டம் மறுபடி தோட்டமாவது அரிது. அதனால் இந்தப் பேச்சு, முதல் மனை விற்கும் முன்பே நடக்க வேண்டும்.