எர்ரரை முதல்ல படிங்க, அப்புறம் காப்பி பண்ணுங்க

ஒரு சின்ன கேள்வி. ப்ரோக்ராமை பில்ட் பண்றப்போ 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு' அப்படின்னு ஒரு வரி வந்தா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? உண்மையைச் சொல்லுங்க. அந்த வரியை அப்படியே காப்பி பண்ணித் தேடுவீங்க. முதல்ல வர்ற பதில்ல இருக்கிற கமாண்டை ஒட்டி என்டர் தட்டுவீங்க. வேலை செஞ்சா சந்தோஷம். இல்லேன்னா ரெண்டாவது பதில். நானும் மூணு வருஷம் இதையேதான் பண்ணேன்.

எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஆனா இங்கிலீஷ்ல வந்த ஒரு வரி எர்ரரை நிதானமா படிச்சதே இல்ல. படிக்காம விட்டதுக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூல விலை கொடுத்தோம்.

நாங்க மூணு பேர். ஹாஸ்டல் தண்ணி டேங்க்ல சென்சார் வச்சு, ரீடிங்கை வாங்கி, தினசரி ரிப்போர்ட் போடுற ப்ரோக்ராம். மெயின் ப்ரோக்ராம் சி-ல நான் எழுதினது. ரிப்போர்ட் போடுற பகுதி ஒரு ஷேர்டு லைப்ரரி, அது என் டீம்மேட் எழுதினது. ரிவ்யூக்கு முந்தின ராத்திரி அவனுக்கு வெக்டர் தேவைப்பட்டுச்சு. ஃபைலோட பேரை சி-ல இருந்து சிபிபி-னு மாத்தி, ஜி பிளஸ் பிளஸ்ல கம்பைல் பண்ணி, லைப்ரரியை மட்டும் புதுசா பில்ட் பண்ணான். ஒரு எர்ரர் இல்ல, ஒரு வார்னிங் இல்ல. நிம்மதியா தூங்கப் போனோம்.

காலையில லேப்ல டெமோ. நாலு நிமிஷம் நல்லா ஓடுச்சு. மேடம், "சரிப்பா, ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்க" என்றார். மெனுவில 4-ஐ அழுத்தினேன். ப்ரோக்ராம் செத்துப்போச்சு. திரையில ஒரே வரி: 'சிம்பல் லுக்கப் எர்ரர், அன்டிஃபைன்ட் சிம்பல்: சேவ்_ரிப்போர்ட்'.

"இந்த ஃபங்ஷனை எழுதவே இல்லையா?" என்று கேட்டார். என் டீம்மேட் எழுதியிருந்தான், ரெண்டு வாரம் உட்கார்ந்து. ஆனா அந்த நிமிஷம் அவனால நிரூபிக்க முடியல. எழுதாதவன் மாதிரி நின்னான். எனக்கு மார்க் போனதைவிட அவன் முகம்தான் இன்னும் ஞாபகம் இருக்கு.

நடந்தது இதுதான். நீங்க எழுதுற ஒவ்வொரு ஃபைலும் கம்பைல் ஆனதும் ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல் ஆகுது. அதுக்குள்ள ஒரு சிம்பல் டேபிள் இருக்கு. அதை மளிகைக்கடை பாக்கி நோட்டு மாதிரி நினைச்சுக்கோங்க. 'என்எம்' கமாண்டைப் போட்டா நோட்டு திறக்கும். பேருக்குப் பக்கத்துல 'டி' இருந்தா அந்த ஃபங்ஷன் இங்கேயே இருக்கு. 'யு' இருந்தா பாக்கி, வேற யாரோ தரணும். எல்லா பாக்கிக்கும் ஆள் இருக்கான்னு பார்த்து கணக்கை முடிக்கிறதுதான் லிங்கர் வேலை. ஆள் இல்லேன்னா, நாம திட்டுற அந்த 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வரும்.

ஷேர்டு லைப்ரரின்னா கணக்கு அங்கேயே முடியாது. "ரன் ஆகும்போது தரேன்" அப்படின்னு ஒரு வாக்குறுதி மட்டும்தான். சில நேரம் ப்ரோக்ராம் ஆரம்பிக்கும்போதுகூட கேட்க மாட்டாங்க. அந்த ஃபங்ஷனை முதல் தடவை கூப்பிடும்போதுதான் தேடுவாங்க. இதுக்கு லேஸி பைண்டிங்னு பேரு. எங்க லேப் டெபியன் மெஷின்ல அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் நாலு நிமிஷம் எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரிஞ்சுது.

சரி, ஃபங்ஷன் லைப்ரரியில இருந்துச்சே, ஏன் கிடைக்கல? பேர் மாறிப்போச்சு. நம்ம கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா கார்த்திக் எம், கார்த்திக் எஸ்-னு இனிஷியல் போடுறோம்ல? சி பிளஸ் பிளஸ்ல ஒரே பேர்ல பல ஃபங்ஷன் இருக்கலாம். அதனால கம்பைலர் ஒவ்வொரு பேருக்கும் இனிஷியல் சேர்த்துடும். சேவ்_ரிப்போர்ட் என்பது 'அண்டர்ஸ்கோர் இசட் 11 சேவ்_ரிப்போர்ட் வி' ஆயிடுச்சு. 11 என்பது பேரோட எழுத்து எண்ணிக்கை, 'வி' என்றால் ஆர்க்யுமென்ட் எதுவும் இல்லை. இதுதான் நேம் மேங்லிங். என் சி ப்ரோக்ராம் வெறும் பேரைச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்துச்சு. அந்தப் பேர்ல யாருமே கை தூக்கல. ஹெடரில் 'எக்ஸ்டர்ன் சி'-னு போட்டிருந்தா இனிஷியல் சேர்ந்திருக்காது.

இப்போ இதைக் கவனிங்க. அந்த ராத்திரி மெயின் ப்ரோக்ராமையும் திரும்ப லிங்க் பண்ணியிருந்தா, 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' அப்பவே வந்திருக்கும். அஞ்சு நிமிஷ வேலை. நாம வெறுக்கிற அந்த எர்ரர்தான் எங்களைக் காப்பாத்தியிருக்கும். அதனால என் கருத்து இதுதான்: பில்ட்ல வர்ற எர்ரர் எதிரி இல்ல. டெமோ வரைக்கும் வாயே திறக்காத எர்ரர்தான் எதிரி.

இன்னொரு விஷயமும் சொல்லணும். லினக்ஸ்ல ஷேர்டு லைப்ரரி உருவாக்கும்போது, உள்ளே பாக்கி இருந்தாலும் லிங்கர் சாதாரணமா கேள்வி கேட்காது. விண்டோஸ்ல டிஎல்எல் உருவாக்க எல்லா சிம்பலும் தீர்ந்திருக்கணும். மேக்லயும் தனியா சொன்னாத்தான் விடும். லினக்ஸ் விடுறதுக்குக் காரணம் இருக்கு. பைத்தான் எக்ஸ்டென்ஷன் மாதிரியான ப்ளகின்களுக்குத் தேவையான சிம்பல்களை, அதை லோட் பண்ற ப்ரோக்ராமே தரும். அங்கே இந்தச் சலுகை நியாயம்தான். ஆனா நம்ம காலேஜ் ப்ராஜெக்ட்ல எத்தனை பேர் ப்ளகின் எழுதுறோம்? மத்தவங்க எல்லாரும் லிங்கருக்கு 'நோ-அன்டிஃபைன்ட்' ஆப்ஷனைக் கொடுக்கணும்னு நான் சொல்றேன். பாக்கி இருந்தா லைப்ரரியே உருவாகாது.

"இதெல்லாம் எதுக்கு மச்சான், மேக் ஃபைல் ஒண்ணு ஒழுங்கா எழுதினா போதாதா?" அப்படின்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். நல்ல கேள்விதான். எங்ககிட்ட ஒழுங்கான மேக் ஃபைல் இருந்திருந்தா அந்த ரிவ்யூ தப்பிச்சிருக்கும். ஆனா மேக் ஃபைல் உங்க மெஷினுக்குள்ள மட்டும்தான் காப்பாத்தும். உபுண்டு 22.04-ல பில்ட் பண்ணதை 20.04 இருக்கிற மெஷினுக்குக் கொண்டுபோனா 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' அப்படின்னு நிக்கும். பழைய மெஷின்ல ஜிலிப்சி 2.31தான் இருக்கு. அங்கேயும் கதை அதேதான், பாக்கியைத் தர ஆள் இல்ல. காரணம் புரிஞ்சவன் பழைய மெஷின்லயே திரும்ப பில்ட் பண்ணுவான். புரியாதவன் ஏதோ ஒரு சைட்ல இருந்து லைப்ரரி ஃபைலை டவுன்லோட் பண்ணிப் போடுவான். விண்டோஸ்ல 'டிஎல்எல் மிஸ்ஸிங்' வந்தப்போ நம்மில் பாதிப் பேர் பண்ணது அதுதானே? யாரோ ஒருத்தர் கோடை நம்ம மெஷின்ல நாமளே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

நம்ம லேப்ல ரன் பட்டனை அழுத்தி, அவுட்புட்டை ரெக்கார்டில ஒட்டினா மார்க். நடுவுல லிங்கர்னு ஒருத்தன் இருக்கிறதே தெரியாம நாலு வருஷம் ஓட்டிடலாம். ஸ்டாஃபை மட்டும் குறை சொல்லல, நாமளும் கேட்டதில்ல. நான் கேட்கிறது ஒரே ஒரு லேப் வகுப்பு. ரெண்டு ஃபைல், ஒரு லைப்ரரி, எல்லாம் கையால கமாண்ட் அடிச்சு. ஓட வச்சுட்டு, வேணும்னே உடைக்கணும். எங்கே உடைஞ்சுதுன்னு 'என்எம்' வச்சுக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்.

அந்த வகுப்பு வர்ற வரைக்கும், ஜூனியர்ஸ், டெமோவுக்கு முந்தின ராத்திரி மூணு வேலை பண்ணுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து பில்ட் பண்ணுங்க. 'எல்டிடி மைனஸ் ஆர்' போட்டு எந்த சிம்பல் தீராம இருக்குன்னு பாருங்க. 'எல்டி_பைண்ட்_நௌ' வேரியபிளை 1-னு வச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சாகுறதா இருந்தா உங்க ரூம்லயே, ஆரம்பத்திலேயே சாகும்.

எங்களுக்கு ரெண்டு நாள் கழிச்சு மறு ரிவ்யூ கொடுத்தாங்க. ஹெடரில் ஒரே ஒரு வரி சேர்த்தோம். இந்தத் தடவை 4-ஐ அழுத்தினது நான் இல்ல, அவன். ரிப்போர்ட் வந்துச்சு.